கராஜில் அப்பா அடைத்த இரண்டு துவாரங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீயும் மருமகளும் நல்லபடியாக இருப்பீர்கள், குழந்தைக்குச் சளி குறைந்திருக்கும் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு அதுவே பெரிய செய்தி, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். என் கையெழுத்து இல்லையே என்று பதறாதே. என் விரல்கள் பத்தும் சிவந்து வீங்கி, துணி சுற்றி, பேனாவைப் பிடிக்க முடியாமல் இருக்கின்றன. இரண்டு வாரமாக ஒரு காஜாகூட எடுக்கவில்லை, கடையில் ஆறு கோட்டு பொத்தான் போடத் துளையில்லாமல் தொங்குகிறது. காரணம் யார் என்று கேட்காதே, இந்த வீட்டில் எதற்கும் காரணம் ஒரே ஆள்தான். நான் பேசுகிற பேச்சை உன் தங்கை பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றி எழுதுகிறாள், நான் சொன்ன வசவில் பாதியைக் காணோம், அதை நீயே சேர்த்துப் படித்துக்கொள். இப்போது இரவு ஒரு மணி. சமையலறையில், கராஜுக்குப் போகும் கதவை ஒட்டி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். அடுப்புக்கு மேலே உள்ள சின்ன விளக்கு மட்டும் எரிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் உன் அப்பா படுத்திருக்கிறார். எழுந்து வந்து இந்தத் தாளைப் பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்று சின்னவள் கதவைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது, நீ பேசினால் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் என்ன சொல்வது, நலமா நலமா என்று கிளிப்பிள்ளை மாதிரி கேட்கத்தான் முடிகிறது. காய்கறி லாரி ஓட்டுநர் காலை ஆறு மணிக்கு உன் ஊர்ப் பக்கம் கிளம்புகிறார், அவர் தைக்கக் கொடுத்த கால்சட்டையோடு இதையும் கொடுத்துவிட்டால் நாளை இரவு உன் கைக்கு வந்துவிடும்.

எல்லாம் நீ சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது, உன்னையும் இன்றைக்கு நான் விடப்போவதில்லை. அடுத்த மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்றாய், சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த வீட்டுக் குளிர்ல குழந்தைய எங்கம்மா படுக்க வைக்கிறது, நாங்க ஹோட்டல்ல ரூம் எடுத்துக்கறோம்" என்றாய். போன் சத்தமாக இருந்தது, உன் அப்பா பக்கத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார், அவ்வளவுதான். சாப்பிடும்போது, "என் பேரன் என் வீட்டுக்கு வந்து ஹோட்டல்ல படுப்பானா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு வந்தவர் கராஜில் போய் நின்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், கோட்டுக்கு அளவெடுக்க வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்துச் சுவரை அளந்தார். கராஜைக் குழந்தை படுக்கச் சூடான அறையாக்கப் போகிறாராம், நான் அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன். "இது என்ன பெரிய வித்தை, கோட்டுக்கு லைனிங் வைக்கிறோம்ல, அதே மாதிரி சுவத்துக்கு ஒரு லைனிங்" என்றார். முப்பது வருஷம் கோட்டு தைத்தவருக்கு உலகமே ஒரு கோட்டு. மூட்டைப் பூச்சி மருந்து அடிக்கச் சொன்னாலும் முதலில் தோள் அளவு கேட்பார்.

உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். நீ வந்து கதவைத் திறந்ததும் அசந்து போய் நிற்க வேண்டுமாம். ஆளை வைத்துச் செய்யலாமே என்றதற்கு, "தையக்காரன் வீட்டுச் சட்டைய வெளியில குடுத்துத் தைப்பாங்களா?" என்றார். எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார், நீ போன பிறகு குடிவந்தவர், எப்போதும் இடுப்பில் இரும்பு அளவுநாடாவைச் செருகிக்கொண்டு தெருவில் நடப்பார், அதனால் அவருக்கு அளவுநாடா என்றே பெயர். இதுவரை அவர் ஒரு ஆணி அடித்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் யோசனை மட்டும் வண்டி வண்டியாகக் கிடைக்கும். அவரும் இவரும் போய், குளிர் வராமல் சுவருக்குள் வைக்கிற கண்ணாடிப் பஞ்சு ஒன்பது சுருள் வாங்கிவந்தார்கள். மஞ்சள் நிறத்தில், ஒரு பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டி, பார்ப்பதற்கு மெத்தை மாதிரி இருக்கும், தொட்டால் தெரியும் சேதி. கையுறை போட்டுக்கொள் என்று உறையிலேயே படம் போட்டிருக்கிறது. இவர் என்ன சொன்னார் தெரியுமா, "கையுறை போட்டுட்டுத் துணியத் தொட்டா நூலோட்டம் தெரியாது." அது துணியா? பஞ்சைப் பிடித்துக்கொள் என்று என்னை நிற்க வைத்தார், நானும் புத்தியில்லாமல் நின்றேன். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள் விரல் விரலாக இறங்கிவிட்டது. அவர் கை முப்பது வருஷம் ஊசி குத்திக் காய்த்துப் போன கை, ஒன்றும் ஆகவில்லை, அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

எவ்வளவு அழகாகச் செய்தார் என்று கேள். சுவரில் மரச் சட்டம் அடித்து, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பஞ்சை வைத்துவிட்டு மேலே பலகை அடித்தால் முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம், உறையில் இருக்கிற படத்தைப் பார்த்து உன் தங்கையே சொன்னாள். இவருக்கு அது போதவில்லை. சுருளும் சுருளும் சேரும் இடத்தில் இடைவெளி வருகிறதாம். அதற்காகத் தலையணைக்குப் போடுகிற பெரிய ஊசியை எடுத்து, தடித்த நூல் கோத்து, அந்தப் பழுப்புக் காகித ஓரங்களை ஒன்றோடு ஒன்று வைத்துத் தைத்தார். சுவரைத் தைத்த மனிதனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? மூன்று ஞாயிற்றுக்கிழமை, தினமும் கடையிலிருந்து வந்து இரண்டு மணி நேரம், முட்டிபோட்டு உட்கார்ந்து தையல். அளவுநாடா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தையல் நேரா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். இரண்டு சுருளை ஒரே இடத்தில் வைத்து அமுக்கினால் இரண்டு மடங்கு சூடு என்று ஒரு பக்கத்துச் சுவரில் அமுக்கி வைத்திருக்கிறார், பஞ்சை அமுக்கினால் அது மெத்தையா பலகையா என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கார் வந்து போகும் பெரிய கதவுக்கும் உள்பக்கம் பஞ்சைத் துண்டு துண்டாக வைத்து ஒட்டி, ஓரத்துக்கு ரப்பர் பட்டி அடித்து, இப்போது அந்தக் கதவு திறப்பதில்லை. கார் வெளியில் பனியில் நனைகிறது, காலையில் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார், கராஜ் மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு சொகுசாக இருக்கிறது. அவருடைய நல்ல குறடு ஒன்று எங்கோ பலகைக்குள் மாட்டிக்கொண்டது, எந்தச் சுவர் என்று தெரியாமல் ஒருநாள் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறாயா, சிரிக்காதே. வேலை சுத்தமில்லாத ஆள் செய்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அரைகுறையாகச் செய்திருந்தால் நாலு இடத்தில் சந்து இருந்திருக்கும், நாமும் பிழைத்துக்கொள்வோம். உன் அப்பா சந்து விடுகிற ஆளா. உனக்கு நினைவிருக்கும், கராஜ் மூலையில் வெந்நீர் ஹீட்டர் நிற்கிறது, கேஸில் எரிகிறது, நம் குளியலுக்கும் துணி துவைப்பதற்கும் அங்கிருந்துதான் தண்ணீர். அதற்குப் பக்கத்துச் சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு துவாரம், சல்லடை போட்டு வைத்திருப்பார்கள். குளிர்காற்று அந்த வழியாகத்தான் வருகிறது என்று இவர் கண்டுபிடித்தார், பெரிய ஆராய்ச்சி. சல்லடையைக் கழற்றி, உள்ளே பஞ்சைத் திணித்து, மேலே பலகை அடித்து, பலகை சேரும் இடத்துக்குப் பசை நாடா ஒட்டி, அதற்கு மேலே வெள்ளைச் சாயம் அடித்து, துவாரம் இருந்த இடமே தெரியவில்லை. எதுக்குங்க அதை அடைக்கிறீங்க, கட்டினவன் என்ன பைத்தியமா என்று நான் கேட்டேன். "ஹீட்டர் சூடே ரூமுக்குப் போதும்டி, வெளியில இருக்கற காத்தையெல்லாம் நான் எதுக்குச் சூடாக்கணும்?" என்றார். அளவுநாடா அதற்கும் தலையாட்டினார். அந்தத் தலையை நான் ஒருநாள் கவனித்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. எங்களைக் கராஜுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார், எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஒரு வெப்பமானியைச் சுவரில் மாட்டி எதிரே நாற்காலி போட்டுச் சினிமா பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார். அன்றைக்குத் துணி துவைக்கிற நாள், வெந்நீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஹீட்டர் அணையாமல் எரிந்தது. சூடாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் சின்னவள் தலை வலிக்கிறது என்றாள். தேர்வு நெருங்கினால் இவளுக்குத் தலை வலிக்கும், வயிறு வலிக்கும், அதனால் நானும் சும்மா இரு என்று அதட்டினேன், அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. சாயத்து வாடை என்றார் அவர். சொன்னவரும் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாலை ஆறு மணிக்கே படுத்துவிட்டார்.

(அண்ணா, இதை நான் அம்மாவிடம் கேட்காமல் எழுதுகிறேன். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்குக் கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்கு வந்தேன். கதவைத் திறக்கிற பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு மறந்துவிட்டது. தேர்வுக்குப் பயந்து அப்படி ஆகாது.)

மறுநாள் கேஸ்காரர் வந்தார், வருஷத்துக்கு ஒருமுறை ஹீட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறவர், நல்ல வேளை அவர் வரும் மாதம் இது. உன் அப்பா கடைக்குப் போயிருந்தார். கேஸ்காரர் உள்ளே வந்து சுவரைச் சுற்றிப் பார்த்து, "பரவால்லையே, யாரும்மா செஞ்சது, நல்லாருக்கே" என்றார். அப்புறம் ஹீட்டர் பக்கம் திரும்பினார், சுவரைப் பார்த்தார், தடவினார், முகம் மாறிவிட்டது. "இங்க ரெண்டு ஓட்டை இருக்கணுமே, யாரு அடைச்சது?" என்றார். நான் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து ஹீட்டரைப் பற்றவைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளாத குறை. "அம்மா, இது எரியறதுக்கும் காத்து வேணும். காத்து கிடைக்கலன்னா அரைகுறையா எரிஞ்சு விஷத்தக் கக்கும். அதுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், தூங்கினா அவ்வளவுதான்" என்றார். அடுத்த மாதம் இங்கே கைக்குழந்தை படுக்கப் போகிறது என்று சொன்னேன். அவர் ஹீட்டரை அணைத்து, கொளுத்தக் கூடாது என்று சிவப்புச் சீட்டு ஒன்றை அந்தச் சுவரிலேயே ஒட்டி, மேலும் கீழும் திறந்துவிட்டுக் கூப்பிடுங்கள், அதுவரைக்கும் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் உன் அப்பா வந்தார். விவரத்தைச் சொன்னேன், ஒழுங்காகத்தான் சொன்னேன், முதல் ஐந்து நிமிஷம். அவர் நேராகப் போய்ச் சிவப்புச் சீட்டைத் தையல் பிரிக்கிற கத்தியால் சுரண்டினார். சாயம் உரிந்துவிட்டதாம், அதுதான் அவருக்குக் கவலை. "அவன் ஓட்ட போட்டுக் குடுத்துக் காசு வாங்குவான், அதுக்கு ஒரு கதை" என்றார். அப்போது நான் வாயைத் திறந்தேன். நீ என்னை அறிவாய், திறந்தால் மூடத் தெரியாது. கழுத்துக்கு வெட்டாத சட்டையைத் தைத்துப் பிள்ளைக்குப் போட்டுவிடப் பார்க்கிறீங்களே, நீங்களெல்லாம் ஒரு தையக்காரரா என்று கேட்டுவிட்டேன். அளவுநாடா வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவர் காதில் விழுந்தது. அது விழுந்திருக்கக் கூடாது. உன் அப்பா முகம் இறுகிவிட்டது. மூன்று நாள் பேசவில்லை. நேற்று இரவு சாப்பிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைல இருந்து ஒரு வாரம் நானே அங்க படுக்கறேன். ஹீட்டர் எரியட்டும். எட்டாம் நாள் காலைல நான் எழுந்து வந்தா, இந்த வீட்டுல யாரும் அதப் பத்திப் பேசக் கூடாது" என்றார். எழுந்து வராவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவர் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டு, கட்டிலை இழுத்துப் போட்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுப் படுத்துவிட்டார். தாழ்ப்பாள் வேறு. நான் கதவைத் தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "போய்ப் படுடி" என்று ஒரே பதில். வீட்டுக்கு வெளியே, பக்கச் சந்தில், கேஸ் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. என் கை ஒன்றுக்கும் உதவாது. சின்னவள்தான் இருட்டில் போய், பழைய ஸ்பேனரை வைத்துக் கால்வட்டம் திருப்பி மூடிவிட்டு வந்தாள். இப்போது உள்ளே ஒன்றும் எரியவில்லை, இன்று இரவுக்குப் பயமில்லை. ஆனாலும் நாங்கள் இங்கிருந்து நகரவில்லை. காலையில் தண்ணீர் ஜில்லென்று வரும், உடனே விஷயம் தெரிந்துவிடும், ஸ்பேனரை எடுத்து ஒளித்துவிட்டு மறுபடி திறந்து பற்றவைப்பார். ஒரு வாரம் இந்தத் திருட்டு விளையாட்டு நடக்காது. அடுத்த மாதம் பேரன் வேறு.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். கடிதம் கிடைத்த உடனே போன் பண்ணு. திட்டாதே. கேஸ்காரர் சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் உன் வாயிலிருந்து வரக் கூடாது, நான் எழுதினேன் என்று தெரிந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டிப் படுப்பார், அந்தப் பிடிவாதம் உனக்கும் இருக்கிறது, உனக்குத் தெரியாதா. ஹோட்டல் வேண்டாம் அப்பா, உங்கள் வீட்டில்தான் படுப்போம் என்று முதலில் சொல். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. அப்புறம், குழந்தைக்கு நல்ல காற்று வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், நீங்களே உங்கள் கையால் ஏதாவது வழி செய்து வையுங்கள் என்று கேள். செய்ததைப் பிரிக்கச் சொன்னால் பிரிக்க மாட்டார், செத்தாலும் பிரிக்க மாட்டார். புதிதாக ஒன்று செய்யச் சொன்னால் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆம்பளை ஜென்மத்தை இப்படித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது, மருமகளிடமும் இதைச் சொல்லிவை, அவளுக்கும் பயன்படும். குழந்தைக்குக் குளிப்பாட்டிய உடனே காதைத் துடைக்கச் சொல். நீ இரவு வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. எனக்கு இடது கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கிக்கொள்ள நேரமில்லை, முதலில் இந்த மனிதர்

அண்ணா, இனி நான்தான். அம்மா இந்த இடத்தில் தூங்கிவிட்டாள். வாக்கியத்தின் பாதியில் தலை கதவின் மேல் சாய்ந்துவிட்டது. எழுப்பவில்லை. அம்மா சொல்லாத ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. இவ்வளவு நேரமும் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாளே, ஒவ்வொரு திட்டுக்கும் நடுவில் என் வாயைப் பொத்திவிட்டு, காதைக் கதவில் வைத்து அப்பாவின் குறட்டை கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த திட்டைச் சொன்னாள். கேஸ் மூடியாகிவிட்டது அம்மா என்று நான் சொன்னேன். அவளுக்கு அது தெரியும், ஆனாலும் கேட்டாள். என்னிடமும் நாலு தடவை, சரியாத்தான் திருப்பினியா, சரியாத்தான் திருப்பினியா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவை அவள் கேட்கும்போதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருட்டில் திருப்பினேன். கை குளிரில் மரத்திருந்தது. எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று அறிவியல் புத்தகத்தில் பார்த்துக்கொண்டுதான் போனேன், ஆனாலும் பயமாக இருக்கிறது.

இப்போது மணி மூன்றே கால். அம்மா தூங்கின பிறகு நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குறட்டை வந்துகொண்டிருந்தது, எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்றுப் பத்துக்கு மேல் போனது. அப்புறம் நின்றுவிட்டது. அண்ணா, நான் என் ஆயுளில் அப்படிப் பயந்ததில்லை. அம்மாவை எழுப்பக் கை நீட்டினேன். அதற்குள் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு மெதுவாகத் திறந்தது, அம்மா சாய்ந்திருந்ததால் பாதிதான் திறந்தது. அப்பா போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றார், பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "ஹீட்டர் அணைஞ்சு கெடக்கு. கேஸ மூடினது யாரு?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். நான்தான் என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்தார், துணி சுற்றிய அவள் கையைப் பார்த்தார், தரையில் இருந்த தாளைப் பார்த்தார், எடுத்துப் படிக்கவில்லை. "ரெண்டு பேரும் எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார். நீங்க மூச்சு விடுறீங்களான்னு கேட்டுட்டு இருக்கோம் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அப்பா திரும்பிக் கராஜைப் பார்த்தார். வெள்ளைச் சுவர், திறக்காத பெரிய கதவு, எல்லாம் அப்படியே இருந்தது. அப்புறம் அம்மாவின் தலை இடிக்காமல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நுழைந்து, தன் போர்வையை எடுத்து அவள் மேல் போட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். "அந்த கேஸ்காரன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓட்ட எத்தன அங்குலம்னு சொன்னானா?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பா தலையை ஆட்டினார். "எழுந்ததும் கேப்போம்" என்றார். இப்போது உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு, துவாரம் இருந்த இடத்தைத் தேடிச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கதவைச் சாத்தவில்லை. காலையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அம்மா எழுந்ததும் முதல் வேலையாக ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாளோ என்றுதான் இப்போது பயம். அதனால் நீ போன் பண்ணாமல் இருந்துவிடாதே, அம்மா சொன்னபடியே செய். ஹோட்டல் வேண்டாம் என்பதை மட்டும் மறக்காமல் முதலில் சொல். கடைசியில் அம்மா உன்னையும் அண்ணியையும் குழந்தையையும் வாழ்த்திச் சொல்வது வழக்கம், அவள் தூங்குவதால் நானே எழுதுகிறேன், நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நல்ல காற்றோடு, நீண்ட நாள் இருக்க வேண்டும். ஓட்டுநர் கிளம்ப இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

அம்மா சொன்னதைப் பெரும்பாலும் அப்படியே எழுதிய,
உன் அன்புத் தங்கை,
சின்னவள்